நான் யார்? எங்கே நிற்கிறேன்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், கணிப்பொறி அறிவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ ஆன்மிகச் சொற்பொழிவு என்று நினைத்து வந்தவர்கள் யாராவது இருந்தால், முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். (சிரிப்பு) ஆன்மாவைப் பற்றிப் பேசும் தகுதி எனக்குக் கிடையாது. கணிப்பொறித் திரையின் இடது ஓரத்தில், "என்ன செய்யணும், சொல்லு" என்று காத்துக்கொண்டு நிற்கிறதே ஒரு வரி, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு ப்ராம்ப்ட் என்று பெயர். அந்த வரியை நம் விருப்பப்படி அமைத்துக் கொடுக்கும் தொடக்கக் கோப்புகளைப் பற்றியும் சொல்கிறேன்.

விழாக் குழுவினர் போனில், "வாழ்க்கையில முன்னேறினது எப்படின்னு பேசுங்க சார்" என்றார்கள். முன்னேறிய கதையைச் சொல்ல இங்கே என்னைவிடப் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு தப்புப் பண்ணின கதையைச் சொல்கிறேன். மாணவர்களுக்கு அதில்தான் பிரயோஜனம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நான் இங்கே படித்தது 1991 முதல் 1994 வரை. அப்போது கணிப்பொறி அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பை வெளியே கழற்றி விட வேண்டும். உள்ளே ஏ.சி. உண்டு. அது மெஷினுக்காக, நாங்கள் சும்மா கூட இருந்து குளிர்ந்துகொண்டோம். ஒரு யூனிக்ஸ் கணிப்பொறி, அதோடு இணைந்த 8 டெர்மினல்கள், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. இரண்டு பேருக்கு ஒரு டெர்மினல். பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால் ஒரு டாலர் குறி வந்து நிற்கும். அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்த நண்பன், "என்னடா இது, உள்ளே வந்ததுக்கே டாலர்ல காசு கேட்குது?" என்றான். (சிரிப்பு) அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லவில்லை.

அந்த டாலர் குறியைக் காட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். நாம் தட்டும் கட்டளையை வாங்கி, பிரித்துப் படித்து, உரிய நிரலை ஓடவிட்டு, முடிந்ததும் மறுபடி வந்து நிற்கும். கணிப்பொறியின் உள்வேலைகளைச் சுற்றி ஓடு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். 1960-களின் நடுவில் இந்தப் பெயரை வைத்தவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அவர் அப்போது வேலை பார்த்தது எம்.ஐ.டி.யில். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்! அங்கே சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், பல கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து வரிசையாக ஓட்டுவதற்கு 'ரன்காம்' என்று ஒரு வசதி செய்தார். இன்றைக்கு நீங்கள் எல்லாரும் 'பாஷ்ஆர்சி' என்று ஒரு கோப்பின் பெயரைச் சொல்கிறீர்களே, அதில் கடைசியில் வரும் 'ஆர்சி' அந்த ரன்காமிலிருந்து வந்ததுதான். ஏறத்தாழ 60 வருஷமாக அந்த இரண்டு எழுத்து நம்மோடு வருகிறது.

யூனிக்ஸுக்குக் கென் தாம்ப்சன் எழுதிய ஷெல் 1971-இல் வந்தது. 1979-இல் ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல் வந்தது. அதில் சாதாரண ஆளுக்கு டாலர் குறி, சர்வ அதிகாரம் படைத்த 'ரூட்' ஆளுக்கு ஹாஷ் குறி. ஏறத்தாழ அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் சதவீதக் குறி. 1989-இல் க்னு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதியது பாஷ். 'பார்ன் அகெய்ன் ஷெல்' என்பதன் சுருக்கம். பார்ன் என்ற பெயரையும் மறுபிறவி என்ற பொருளையும் சேர்த்துச் செய்த சிலேடை. நம்ம ஊர்ப் பட்டிமன்றப் பேச்சாளர்கள் தோற்றார்கள் போங்கள்! இன்று பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளில் பாஷ்தான் இருக்கிறது. மேக் கணிப்பொறிகளில் 2019 முதல் ஜி ஷெல் என்று நாம் சொல்லும் இஸட் ஷெல். பெயர் எதுவானாலும் நான் சொல்லப் போகும் விஷயம் ஒன்றுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

வருஷம் 2002. தீபாவளிக்கு முந்தைய வாரம். ஓர் ஆலையின் கணிப்பொறிப் பிரிவில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு போனஸ் கணக்குப் போட வேண்டும். அவரவர் வேலை பார்த்த நாட்களை மூன்று குமாஸ்தாக்கள் பதிவேட்டைப் பார்த்து நாலு நாளாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் இரண்டு யூனிக்ஸ் மெஷின்கள். ஒன்று நிஜக் கணக்கு ஓடுவது, 'லைவ்' என்போம். மற்றது சோதனைக்கு, 'டெஸ்ட்' என்போம். இரண்டிலும் ஒரே மாதிரி டைரக்டரிகள், ஒரே மாதிரி கோப்புப் பெயர்கள்.

எனக்குக் கொடுத்த வேலை சாதாரணமானது. டெஸ்ட் மெஷினில் இருக்கும் பழைய போனஸ் கோப்புகளை அழித்துவிட்டு, லைவிலிருந்து புதியதைக் கொண்டுவந்து போட்டு, கணக்கை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். என் மேஜையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று லைவ், ஒன்று டெஸ்ட். இரண்டிலும் ரூட்டாக நுழைந்திருந்தேன். இரண்டிலும் ப்ராம்ப்ட் என்ன தெரியுமா? ஒரே ஒரு ஹாஷ் குறி. மெஷின் பெயர் இல்லை, டைரக்டரி பெயர் இல்லை, ஒண்ணும் இல்லை.

நடுவில் டீ வந்தது. குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். எண்டர் அடித்தேன். ஹாஷ் குறி அமைதியாக வந்து நின்றது. அழிக்கும்போது யூனிக்ஸ் ஒரு வார்த்தையும் பேசாது, உங்களுக்குத் தெரியும். பிறகு லைவிலிருந்து எடுப்பதற்காகப் பக்கத்து ஜன்னலுக்குப் போய்ப் பட்டியல் பார்த்தேன். பழைய தேதிக் கோப்புகள் அப்படியே இருந்தன. அப்போதுதான் வயிற்றில் ஏதோ கரைந்தது. நான் அழித்தது லைவ்.

முந்தைய இரவு எடுத்த டேப் இருந்தது. அது திரும்ப ஏறியது. ஆனால் அன்று பகல் முழுக்கத் தட்டியது போய்விட்டது. மூன்று குமாஸ்தாக்களும் மறுபடி பதிவேட்டை விரித்து உட்கார்ந்தார்கள். அதில் ஓர் அம்மா, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். புதன்கிழமை கொடுக்க வேண்டிய போனஸ் வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் ஆலை கேட்டருகே நின்றதைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டிய பணம் அது. அவர்களுக்கு யார் தப்பு என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்றைய ஷிப்டுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரி வாசல் மிதிக்காதவர், டிப்ளமா. லாக் புத்தகத்தில் அவர் கையெழுத்து இருந்ததால் மெமோ அவருக்கு வந்தது. அந்த வருஷத்து இன்கிரிமெண்ட்டும் நின்றது. "நான்தான் பண்ணினேன்னு போய்ச் சொல்லிடறேன் அண்ணே" என்றேன். "சொல்லி என்ன ஆகப்போவுது? நீ புதுசு, வேலையே போயிடும். எனக்கு மெமோதானே" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அப்படி இருந்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "தப்புல பாதிதான் உன்னோடது தம்பி. ரெண்டு மெஷினும் ஒரே மூஞ்சியை வெச்சுக்கிட்டு நின்னா ராத்திரி ரெண்டு மணிக்கு மனுஷன் என்ன பண்ணுவான்? வா, மூஞ்சியை மாத்துவோம்."

மாற்றினார். ரூட்டின் ஹோம் டைரக்டரியில் 'டாட் ப்ரொஃபைல்' என்று ஒரு கோப்பு உண்டு. உள்ளே நுழைந்தவுடன் ஷெல் அதை எடுத்துப் படிக்கும். அதில் 'பி.எஸ்.1' என்ற மாறியில் எதைப் போடுகிறோமோ அதுதான் ப்ராம்ப்ட்டாக வந்து நிற்கும். மெஷினின் பெயரைச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது. அது தரும் விடையைப் பிடித்து அந்த மாறியில் வைத்தார். பிறகு நிற்கும் டைரக்டரியைச் சேர்த்தார். லைவ் மெஷினில் மட்டும் முன்னால் 'நிஜம்' என்ற பொருளில் ஒரு வார்த்தை, பெரிய எழுத்தில்.

முதல் தடவை டைரக்டரி பெயர் மாறவே இல்லை. எங்கே போனாலும் நுழைந்த இடத்தின் பெயரையே காட்டியது. காரணம், அவர் இரட்டை மேற்கோள் குறி போட்டிருந்தார். அப்படிப் போட்டால் கோப்பைப் படிக்கும் நேரத்திலேயே மதிப்பு உறைந்துவிடும். ஒற்றை மேற்கோள் குறி போட்டால், ஒவ்வொரு முறை ப்ராம்ப்ட் வரும்போதும் ஷெல் புதிதாகப் பார்த்து எழுதும். நாங்கள் ஓட்டிய கார்ன் ஷெல்லிலும் அப்படித்தான், இன்றைய பாஷிலும் அப்படித்தான். ஒரு மேற்கோள் குறியில் இவ்வளவு இருக்கிறதா என்று அன்றைக்கு அசந்துபோனேன்.

மாணவ நண்பர்களே, இன்று உங்களுக்கு இதெல்லாம் ரொம்பச் சுலபம். பாஷில் பி.எஸ்.1-க்குள் பேக்ஸ்லாஷ் போட்டு ஓர் ஆங்கில எழுத்து எழுதினால் போதும். சின்ன 'யு' என்றால் ஆளின் பெயர். சின்ன 'ஹெச்' என்றால் கணிப்பொறியின் பெயர். சின்ன 'டபிள்யூ' என்றால் நிற்கும் டைரக்டரியின் முழுப் பாதை. டாலர் குறி என்றால், சாதாரண ஆளுக்கு டாலராகவும் ரூட்டுக்கு ஹாஷாகவும் தானே மாறிக்கொள்ளும்.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். பெரிய 'டபிள்யூ' போட்டால் பாதையின் கடைசிப் பெயர் மட்டும் வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே மெஷினில் 'டேட்டா' என்ற பெயரில் நாலு டைரக்டரி இருந்தால் நாலும் ஒன்றாகத் தெரியும். அதே மாதிரி சின்ன 'ஹெச்', மெஷின் பெயரில் முதல் புள்ளி வரைக்கும்தான் காட்டும். ஒரு மெஷின் 'ஆப் புள்ளி டெஸ்ட்', இன்னொன்று 'ஆப் புள்ளி லைவ்' என்று இருந்தால், இரண்டும் வெறும் 'ஆப்' என்றே நிற்கும். என் 2002 கதை அப்படியே திரும்ப நடக்கும். பெரிய 'ஹெச்' போட்டால் முழுப் பெயரும் வரும். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்கள் சிலவற்றில் எண்கள் நிறைந்த பெயர்தான் இருக்கும்; அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் விளங்காது. அங்கே நாமே ஒரு வார்த்தையைப் பெயராகச் சேர்க்க வேண்டும்.

அப்புறம் நிறம். லைவ் மெஷினுக்குச் சிவப்பு, டெஸ்ட்டுக்குப் பச்சை என்று வையுங்கள். சிவப்புக்கு எண் 31, பச்சைக்கு 32, பழைய நிறத்துக்குத் திரும்ப 0. இந்த நிறக் குறியீடுகளைப் பேக்ஸ்லாஷோடு கூடிய சதுர அடைப்புக்குள் வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறியீட்டையும் எழுத்தாக எண்ணிக்கொண்டு ஷெல் வரியின் நீளத்தைத் தப்பாகக் கணக்கிடும். நீளமான கட்டளை தட்டும்போது வரி மடங்காமல் தன்மேலேயே ஏறி எழுதும். "டெர்மினல் கெட்டுப்போச்சு சார்" என்று வருகிற பையன்களில் பலருக்கு நோய் இதுதான்.

"அது சார் பழைய கதை, இப்பல்லாம் அப்படி நடக்காது" என்று நீங்கள் நினைக்கலாம். உலகம் முழுக்க நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துப் பாதுகாக்கும் நிறுவனம் கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, அங்கே ஒரு பொறியாளர், இரண்டாவது தரவுத்தள சர்வரில் இருக்கும் கோப்புகளை அழிப்பதாக நினைத்துக்கொண்டு முதல் சர்வரில் அழித்துவிட்டார். பெயர்களில் வித்தியாசம் ஓர் எண்தான்: ஒன்று, இரண்டு. ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது. தினமும் எடுப்பதாக நம்பிய பேக்கப், பதிப்பு எண் ஒத்துப்போகாததால் எடுக்கப்படாமலே இருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. வேறொரு வேலைக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட 6 மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நிமிஷ வாரியாக எழுதி வெளியிட்டார்கள். இனி செய்ய வேண்டிய திருத்தங்கள் என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். பேக்கப்பைச் சோதிப்பது முதலான பெரிய வேலைகளுக்கு நடுவே, எல்லா சர்வர்களிலும் பி.எஸ்.1-ஐ மாற்றி, எது எந்த மெஷின் என்று தெளிவாகத் தெரியும்படி செய்வது என்பதும் இருந்தது. அதைப் படித்தபோது எங்கள் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் அதை 15 வருஷம் முன்னாலேயே, மெமோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செய்தவர். (கைதட்டல்)

இனி தொடக்கக் கோப்புகளைப் பற்றிக் கொஞ்சம். "நான் எழுதினேன் சார், ஆனா ஒண்ணுமே நடக்கல" என்று வருபவர்கள்தான் அதிகம். எழுதியது சரியாகத்தான் இருக்கும். தப்பான கோப்பில் எழுதியிருப்பார்கள்.

வெளியூரிலிருந்து வந்து வாசலில் கையெழுத்துப் போட்டு உள்ளே நுழைவது ஒன்று. வீட்டுக்குள்ளேயே அடுத்த அறைக்குப் போவது இன்னொன்று. பாஷ் இந்த இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது. பாஸ்வேர்டு கொடுத்து நுழையும்போது, முதலில் எல்லாருக்கும் பொதுவான ப்ரொஃபைல் கோப்பைப் படிக்கும். பிறகு உங்கள் ஹோம் டைரக்டரியில் 'பாஷ் ப்ரொஃபைல்', 'பாஷ் லாகின்', 'ப்ரொஃபைல்' என்ற மூன்றையும் இதே வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். மற்ற இரண்டைத் திரும்பியும் பார்க்காது. ஏற்கெனவே நுழைந்தவர் சும்மா இன்னொரு ஜன்னல் திறந்தால் 'பாஷ்ஆர்சி' மட்டும்தான். லினக்ஸில் ஜன்னல் திறந்தால் பொதுவாக இந்த இரண்டாவது வகை. மேக்கில் திறந்தால் முதல் வகை. லினக்ஸில் நன்றாக ஓடிய கோப்பை மேக்கின் பாஷுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று தலையைச் சொறிவது இதனால்தான். மருந்து எளிது: பாஷ் ப்ரொஃபைலில், பாஷ்ஆர்சியையும் எடுத்துப் படி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இந்தக் கோப்புகள் எல்லாம் புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்டவை. அதனால் பட்டியலில் சாதாரணமாகக் கண்ணில் படாது. யூனிக்ஸை உருவாக்கியவர்கள் கூடிப் பேசி இப்படி மறைக்கவில்லை. இப்போதைய டைரக்டரியைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும், மேலே உள்ளதைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலில் காட்டாமல் இருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டார்கள். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக் இதை ஒரு தவறு என்றே சொல்லியிருக்கிறார். அவசரத்தில் எழுதிய ஒரு சோதனை, உலகம் முழுக்கப் பழக்கமாகிவிட்டது.

மறைந்திருப்பதால் ஒரு கெடுதலும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் மறந்துவிடுகிறோம். யாரோ எழுதியதை நூறு வரி அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்த சில வினைகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: ஒரு மாணவர் பாஷ்ஆர்சியில் தனக்குத் தானே 'நல்வரவு' என்று அச்சிடும் வரி எழுதியிருந்தார். மறுநாளிலிருந்து அந்த சர்வருக்குக் கோப்பு அனுப்பவே முடியவில்லை. தொலைவிலிருந்து கோப்பு அனுப்பும்போதும் அங்கே பாஷ்ஆர்சி படிக்கப்படுவது உண்டு. கோப்புத் தகவலை எதிர்பார்த்து நிற்கும் நிரலுக்கு 'நல்வரவு' என்றால் என்ன புரியும்? அதனால் கோப்பின் தலையிலேயே, எதிரில் ஆள் உட்கார்ந்து தட்டவில்லை என்றால் இத்தோடு திரும்பிவிடு என்று ஒரு வரி இருக்க வேண்டும். உபுண்டுவில் வரும் கோப்பில் அது தயாராகவே இருக்கிறது. புரியாத வரி என்று அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது: நிரல்களை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் 'பாத்' மாறியின் தொடக்கத்தில் ஒற்றைப் புள்ளியைச் சேர்ப்பார்கள், நிற்கும் இடத்து நிரல் சுலபமாக ஓடட்டும் என்று. பொது டைரக்டரி ஒன்றில் குறும்புக்காரன் ஒருவன், பட்டியல் காட்டும் கட்டளையின் பெயரிலேயே ஒரு நிரலை எழுதி வைத்தால்? நீங்கள் அங்கே போய்ப் பட்டியல் கேட்டால் ஓடுவது அவனுடைய நிரல். ரூட்டாக இருந்தால் வீட்டுச் சாவியையே கொடுத்த மாதிரி.

மூன்றாவது: அழிக்கும் கட்டளை ஒவ்வொரு முறையும் "அழிக்கட்டுமா?" என்று கேட்கும்படி மாற்றுப்பெயர் வைப்பது. நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் கை அதற்குப் பழகிவிடும். எப்படியும் கேட்கும் என்ற தைரியத்தில் தட்டுவோம். ஒரு நாள் அந்த மாற்றுப்பெயர் இல்லாத வேறொரு மெஷினில் உட்காருவோம். அது கேட்காது. அந்தக் கேள்வி வேண்டுமென்றால் வேறொரு புதுப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கட்டளையை அப்படியே விட்டுவிடுங்கள்.

நான்காவது: பாஸ்வேர்டுகளையும் ரகசியச் சாவிகளையும் இந்தக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, "என்னுடைய அமைப்பைப் பாருங்கள்" என்று ஊருக்கெல்லாம் பகிர்ந்துகொள்வது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று, அலங்காரம். இன்றைக்கு ப்ராம்ப்ட்டில் மணி, தட்பவெப்பம், பேட்டரி, படக்குறி எல்லாம் வைக்கிறார்கள். வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்கள் காலத்தில் வசதி இருந்திருந்தால் நாங்களும் வைத்திருப்போம். ஆனால் ப்ராம்ப்ட்டுக்காக ஓடும் வேலை ஒவ்வொரு எண்டருக்கும் ஓடும். பெரிய நிரல் களஞ்சியத்தின் நிலையைக் கேட்டு எழுதச் சொன்னால் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியதுதான். அதைவிட முக்கியம், பத்துத் தகவலுக்கு நடுவில் மெஷின் பெயர் தொலைந்துபோகும். முதலில் யார், எந்த மெஷின், எந்த டைரக்டரி. இடம் மிச்சம் இருந்தால் கடைசியாக ஓடிய கட்டளை வெற்றியா தோல்வியா என்பது. வெற்றி என்றால் ஷெல் 0 என்று வைத்திருக்கும். வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. அதைக் காட்டினால் உபயோகம் உண்டு. மற்றதெல்லாம் பண்டிகைத் தோரணம்.

மாற்றும்போது எப்படி மாற்றுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பழைய கோப்புக்கு ஒரு நகல். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலை மூடாதீர்கள். புது ஜன்னல் திறந்துதான் சோதியுங்கள். தொடக்கக் கோப்பில் தப்பான இடத்தில் 'வெளியேறு' என்ற ஒரு கட்டளை விழுந்தால் போதும், உள்ளே நுழைந்த மறு விநாடியே வெளியே தள்ளும். அப்போது அந்தப் பழைய ஜன்னல் ஒன்றுதான் துணை. ஓட்டாமலே இலக்கணத்தை மட்டும் சரிபார்க்க பாஷோடு 'என்' என்ற விருப்பக் குறி இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் மேலே, ஏன் எழுதினோம், எந்தத் தேதி என்று நம் மொழியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். காரணம் சொல்ல முடியாத வரியை எடுத்துவிடுங்கள். என் கோப்பில் இன்றைக்கு 40 வரிதான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்னால் காரணம் சொல்ல முடியும்.

நேரம் ஆகிவிட்டது, சாப்பாட்டுப் பந்தி தயார் என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

இந்த உரைக்கு முன்னால் அந்த அண்ணனுக்கு போன் செய்தேன். ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். "அந்த போனஸ் கதையைக் காலேஜ்ல பேசலாமா அண்ணே? யார் பண்ணினதுன்னும் சொல்லணும்" என்று கேட்டேன். "என் பேரைப் போடாதே, மத்ததைத் தாராளமா சொல்லு. பசங்களுக்கு உதவும்" என்றார். பிறகு, "இப்ப என்ன ப்ராம்ப்ட் வெச்சிருக்கே?" என்று கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். "லைவ்ல சிவப்பு வெச்சியா?" என்றார். வைத்திருக்கிறேன் என்றேன். "சரி, வை" என்று போனை வைத்துவிட்டார்.

மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் நாளை பெரிய இடங்களில், பெரிய மெஷின்களில் உட்காரப் போகிறீர்கள். அந்த மெஷினுக்குள் யாரோ ஒருவருடைய சம்பளம், யாரோ ஒருவருடைய மருத்துவக் குறிப்பு, யாரோ ஒருவர் ராத்திரி பகலாகத் தட்டியது இருக்கும். எண்டர் அடிப்பதற்கு முன்னால் இடது ஓரத்தை ஒரு தடவை பாருங்கள். நான் யார், எங்கே நிற்கிறேன் என்று அந்த வரி சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், அன்றைய முதல் வேலையாக அதைச் சொல்ல வையுங்கள். உங்களுக்குக் கீழே புதிதாக ஒரு தம்பியோ தங்கையோ வந்து சேர்ந்தால், அவர்கள் தப்புப் பண்ணும் வரை காத்திருக்காமல் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுங்கள்.